மின்காருக்கான பாதை, பூச்சு வேலைக்கு முன்பே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய வீடுகளுக்கான விளம்பரங்களில் 'மின்கார் சார்ஜ் செய்யும் வசதி உண்டு' என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. நேரில் போய்ப் பார்த்தால், பல இடங்களில் அந்த வசதி என்பது கார் நிறுத்தும் தூணில் பொருத்திய ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட். அதற்கு வரும் ஒயர் வாசல் விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போகிற அதே ஒயர். வீடு வாங்குகிறவர் இதை நம்பி ஏமாறக் கூடாது, கட்டுகிறவரும் இதோடு கடமை முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டியை எந்த ஆண்டில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அது மாறிக்கொண்டே இருக்கும் பொருள், கார் வந்த பிறகு வாங்குவதே நல்லது. ஆனால் அந்தப் பெட்டி வரைக்குமான பைப், மெயின் போர்டில் அதற்கான காலி இடம், நம்பகமான எர்த் ஆகிய மூன்றும் கட்டும்போதே அமைய வேண்டியவை. பூச்சும் டைல்ஸும் முடிந்த வீட்டில் சுவரில் காடி வெட்டி, தரையைப் பெயர்த்து, மறுபடி பூசிப் பெயின்ட் அடிப்பதோடு ஒப்பிட்டால், பூச்சுக்கு முன் ஒரு பைப்பைப் புதைக்கும் செலவு ஒரு பொருட்டே அல்ல.

முதலில் எவ்வளவு மின்சாரம் தேவை என்பதில் தெளிவு வேண்டும். நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓடுகிற கார், 100 கி.மீ.க்கு 16 யூனிட் என்ற கணக்கில், 6.4 யூனிட் செலவழிக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 7 யூனிட். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் கொடுத்தால் இது மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும், 16 ஆம்பியரில் இரண்டு மணி நேரம் ஆகாது, 32 ஆம்பியரில், அதாவது 7.4 கிலோவாட்டில், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு முழுக்க வீட்டில் நிற்கிற காருக்கு 22 கிலோவாட் இணைப்பு தேவையே இல்லை. இன்னொன்று: சுவரில் இருக்கும் பெட்டி உண்மையில் பேட்டரியை சார்ஜ் செய்வதில்லை. ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தை டி.சி.யாக (நேர்திசை) மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. அது 7.4 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது என்றால், 22 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 7.4 தான் ஏறும்.

அப்படியானால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே போதுமே என்று கேட்கலாம். கணக்கில் போதும், நடைமுறையில் போதாது. இஸ்திரிப் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் சூடேறியதும் தாமாக நின்று நின்று எரியும், இடையில் பிளக் ஆறிவிடும். கார் அப்படியில்லை, மணிக்கணக்கில் ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருக்கும். சாக்கெட்டின் பித்தளை நாக்கு சற்றுத் தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் 0.1 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 25.6 வாட் வெப்பம் உண்டாகும். அது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு, பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் இரவெல்லாம். சூட்டில் நாக்கு இன்னும் தளரும், தளரத் தளரத் தடை கூடும். பழுப்பேறிய சாக்கெட்டும் உருகிய பிளக்கும் இப்படித்தான் உண்டாகின்றன. காரோடு வரும் கையடக்க சார்ஜர்கள் பல 8 அல்லது 10 ஆம்பியரோடு நின்றுகொள்வதற்கும் இதுவே காரணம். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், அதற்கும் தனி ஒயர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் கூடவே கூடாது.

இனி ஒயர். 32 ஆம்பியர் பெட்டிக்கு 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ. குறுக்குவெட்டு) செம்பு ஒயர் போதும் என்று பல எலெக்ட்ரீசியன்கள் சொல்வார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி.வி.சி. உறையுள்ள 6 ஸ்கொயர் ஒயர் இரண்டு, பைப்புக்குள் போகும்போது 30 டிகிரி வெப்பநிலையில் 41 ஆம்பியர் தாங்கும். சுற்றுப்புறம் 40 டிகிரியானால் அதை 0.87 ஆல் பெருக்க வேண்டும், 35.7 ஆம்பியராகிவிடும். மணிக்கணக்கில் 32 ஆம்பியர் ஓடும் சுற்றுக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால், நெருக்கமான போர்டின் சூட்டில் அது காரணமில்லாமல் விழும். ஏனென்றால் வீட்டு எம்.சி.பி.யின் அளவு 30 டிகிரியில் குறிக்கப்பட்டது, பக்கத்து எம்.சி.பி.களின் சூடும் அதன்மேல் ஏறுகிறது. அதனால் 40 ஆம்பியர் எம்.சி.பி. போடுகிறார்கள். போட்டதும் என்ன ஆகிறது? ஒயர் தாங்குவது 35.7, காவல் நிற்பது 40. காவலை விட ஒயர் பலவீனமாகிவிட்டது. 10 ஸ்கொயர் ஒயராக இருந்தால் 57 ஆம்பியர், 40 டிகிரியிலும் 49.6. இந்த ஒரு கணக்குக்காகவே, வெப்பமான இடத்தில், பைப்புக்குள், 32 ஆம்பியருக்கு 10 ஸ்கொயர்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. 16 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் 4 ஸ்கொயர் தாராளம், ஆனால் பைப் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

தூரமும் கணக்கில் வரும். மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் 30 மீட்டர் என்றால், 6 ஸ்கொயரில் 32 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 ஸ்கொயரில் 4.2 வோல்ட். வோல்ட் இழப்பு என்றால் வெறும் எண் அல்ல, 7 வோல்ட்டை 32 ஆல் பெருக்கினால் 224 வாட், சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் சுவருக்குள் வெப்பமாகப் போகிறது. அலுமினிய ஒயர் மலிவு என்று இந்தச் சுற்றுக்கு யாரும் யோசிக்க வேண்டாம். அதன் மேல் படியும் ஆக்சைடும், இறுக்கிய ஸ்குரூவின் கீழ் அது நசுங்கி இளகும் தன்மையும், நீண்ட நேர லோடுக்கு ஆகாதவை.

பைப் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 10 ஸ்கொயர் தனி ஒயர் மூன்று, 25 மி.மீ. பைப்பில் போகும். த்ரீ பேஸுக்கு ஐந்து ஒயர் வேண்டும், அதற்கு 32 மி.மீ. வேண்டும். ஐந்தையும் ஒரே உறையில் கொண்ட கேபிளாக இழுப்பதானால் 40 அல்லது 50 மி.மீ. இன்று சிங்கிள் பேஸ் வீடாக இருந்தாலும் நாளை மாறலாம் என்பதால் 32க்குக் குறையாமல் போடுங்கள். பைப்பின் உட்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் அடைக்கக் கூடாது, மீதி வெளி இழுப்பதற்கும் சூடு ஆறுவதற்கும். எல்போ (சட்டென மடங்கும் மூலை) வேண்டாம், நீள பெண்டு (மெதுவாக வளையும் துண்டு) போடுங்கள். இரண்டு இழுப்புப் பெட்டிகளுக்கு நடுவே 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம், மூன்றாவது வளைவு வருமென்றால் அங்கே ஒரு பெட்டி வையுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கும்படி விடுங்கள், பூசி மூடிவிட்டால் இருந்தும் பயனில்லை. பைப்புக்குள் இழுகம்பி ஒன்றை விட்டு, இரு முனையிலும் ஒரு முழம் மிச்சம் வைத்து, மூடி போட்டு அடையுங்கள். மூடாமல் விட்ட பைப்புக்குள் சிமென்ட் பால் இறங்கி இறுகிவிட்டால் அந்தப் பாதை முடிந்தது. தளம் போட்ட அன்று மாலையே கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

பக்கத்திலேயே 20 மி.மீ.யில் இன்னொரு பைப், நெட்வொர்க் கேபிளுக்காக. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வீட்டின் மொத்த லோடைப் பார்த்துத் தன் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜருக்கு மீட்டர் பக்கத்திலிருந்து ஒரு செய்திக் கம்பி வேண்டும். மின் ஒயரோடு அதே பைப்பில் அதை விடக் கூடாது. கூரையில் சோலார் வரப்போகிறது என்றால் இன்வர்ட்டர் பக்கத்திலிருந்தும் இதே பைப்புக்கு வழி வையுங்கள்.

கார் நிறுத்தும் இடம் வீட்டை விட்டுத் தள்ளி இருந்தால் மண்ணுக்குள்ளேதான் போக வேண்டும். குறைந்தது 60 செ.மீ. ஆழம், கீழே மணல், அதன்மேல் ஆர்மர்டு கேபிள் (உலோகக் கவசமுள்ளது) அல்லது 50 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) பைப், மீண்டும் மணல், அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் எச்சரிக்கை நாடா. வண்டி ஏறி இறங்கும் பாதையில் இன்னும் ஆழமாக.

போர்டில், காருக்கென்று தனி எம்.சி.பி.யும், மின்கசிவைக் கண்டதும் விழும் சுவிட்சான ஆர்.சி.சி.பி.யும் தனியாக வேண்டும். குறைந்தது ஆறு மாட்யூல் (ஒற்றை எம்.சி.பி. பிடிக்கும் அகலம் ஒரு மாட்யூல்) இடம் காலியாக விடச் சொல்லுங்கள்: எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., சர்ஜ் காப்பு (இடியின்போது திடீரென ஏறும் வோல்ட்டிலிருந்து காப்பது), தேவையானால் தனி மீட்டர், மீதி சூடு ஆற இடைவெளி. ஆர்.சி.சி.பி.யில் எந்த வகை என்பது முக்கியம். காருக்குள் இருக்கும் டி.சி. பகுதியில் கசிவு வந்தால், சுத்தமான டி.சி. மின்னோட்டம் ஏ.சி. பக்கத்துக்குத் திரும்பி வரலாம். சாதாரண 'ஏ.சி.' வகை ஆர்.சி.சி.பி.யின் உள்ளே இருக்கும் இரும்பு வளையம் அந்த டி.சி.யால் நிறைந்து மரத்துப்போகும். அதன்பின் ஒரு மனிதர் வழியே மின்சாரம் பாய்ந்தாலும் அது விழாது. 'ஏ' வகை 6 மில்லி ஆம்பியர் டி.சி. வரை தாங்கும். ஆகவே இரண்டு வழிகள்: 6 மில்லி ஆம்பியரில் டி.சி. கசிவைக் கண்டு நிறுத்தும் அமைப்பு சார்ஜருக்குள்ளேயே இருந்தால் வெளியே 30 மில்லி ஆம்பியர் 'ஏ' வகை, இல்லாவிட்டால் 30 மில்லி ஆம்பியர் 'பி' வகை. சார்ஜர் விவரத் தாளில் 6 மில்லி ஆம்பியர் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தபின்தான் ஆர்.சி.சி.பி. வாங்க வேண்டும்.

இதில் இன்னொரு பிழை மறைந்திருக்கிறது. வீடு முழுவதற்குமான பொது ஆர்.சி.சி.பி.க்குக் கீழே கார் சுற்றைக் கொடுத்து, அதற்கு மட்டும் 'பி' வகை போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது. 'பி' வகை விழும் அளவுக்கு எட்டாத டி.சி. கசிவு மேலே உள்ள பொது ஆர்.சி.சி.பி. வழியாகவும் ஓடுகிறது, அது மரத்துப்போனால் வீடு முழுவதும் காவல் இழக்கும். கார் சுற்றைப் பொது ஆர்.சி.சி.பி.க்கு முன்பாகவே, மெயின் சுவிட்சை அடுத்துப் பிரித்துவிட வேண்டும். இதைக் கட்டும்போது செய்வது ஒரு துண்டு ஒயர் வேலை, பின்னால் செய்வது போர்டையே பிரிக்கிற வேலை.

எர்த் பற்றி: கார் ரப்பர் டயரின் மேல் நிற்கிறது, அதைத் தொடுகிறவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கலாம். சார்ஜ் கேபிளின் எர்த் கம்பி வழியாகத்தான் காரின் உடல் பூமியோடு சேர்கிறது. நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் வரும் இணைப்பு முறையில், தெருவில் அந்தக் கம்பி அறுந்தால் வீட்டில் எர்த் ஆன எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறும், காரின் உடலிலும். வீட்டுக்குள் பிரிட்ஜைத் தொடுகிறவர் உலர்ந்த தரையில் நிற்கிறார், வெளியே காரைத் தொடுகிறவர் அப்படியில்லை. அப்படிப்பட்ட இணைப்புள்ள வீடுகளில் காருக்குத் தனி எர்த் குழி, அல்லது அந்த அறுப்பைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் கருவி அவசியம். எர்த் கம்பி 16 ஸ்கொயர் வரை பேஸ் ஒயரின் அளவிலேயே இருக்கட்டும். கார் இணைத்ததும் சார்ஜ் ஏறாமல் 'எர்த் கோளாறு' என்று காட்டினால், காரையோ சார்ஜரையோ குறை சொல்வதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் காய்ந்துபோன எர்த் குழியோ தளர்ந்த நியூட்ரலோதான் காரணமாக இருக்கும்.

சர்ஜ் காப்புக் கருவி மெயின் போர்டில் வைப்பதானால் அதன் இணைப்பு ஒயர்கள் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீளமானால் இடியின்போது அந்த ஒயரிலேயே வோல்ட் ஏறி, கருவி இருந்தும் பயன் குறையும்.

இருக்கிற இணைப்பு தாங்குமா என்ற கவலைக்கு விடை, சார்ஜரின் லோடு கட்டுப்பாடு. காருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. அதில் விநாடிக்கு 1,000 துடிப்புகள் போகும், ஒவ்வொரு துடிப்பின் அகலமும் 'இத்தனை ஆம்பியர்தான் எடுக்கலாம்' என்று காருக்குச் சொல்லும். மின்கார் சார்ஜிங்குக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61851படி அதன் கீழ் எல்லை 6 ஆம்பியர். மெயின் ஒயரில் ஒரு சி.டி. கிளாம்ப் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் வளையம்) மாட்டிவிட்டால், 40 ஆம்பியர் வீட்டில் ஏ.சி.யும் ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து 30 ஆம்பியர் எடுக்கும்போது கார் 10 ஆம்பியருக்கு இறங்கிக்கொள்ளும், எல்லாம் அணைந்த பின்னிரவில் 32க்கு ஏறிக்கொள்ளும், 6 ஆம்பியர்கூட மிச்சமில்லை என்றால் காத்திருக்கும். இது இருக்கும்போது காருக்காக இணைப்பைப் பெரிதாக்கத் தேவையில்லாத வீடுகளே அதிகம். கிளாம்பை எந்த ஒயரில் மாட்டுவது என்பதில் கவனம் வேண்டும்: வீட்டின் மொத்த லோடும் போகிற பேஸ் ஒயரில் மட்டும், அம்புக்குறி சரியான பக்கம் பார்க்க.

இடம் தேர்வில், கார்களின் சார்ஜ் துளை ஒரே பக்கம் இருப்பதில்லை. முன்மூக்கிலும், முன் பக்கவாட்டிலும், பின் பக்கவாட்டிலும் வருகிறது. கேபிள் 5 மீட்டர் என்றால் எந்தக் காருக்கும் எட்டும்படி, கார் நிற்கும் இடத்தின் நீளவாக்கில் ஏறத்தாழ நடுவே பெட்டி இருப்பது நல்லது. நடக்கும் பாதையைக் கேபிள் குறுக்கிடக் கூடாது. உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை, மழைநீர் தேங்கும் இடமானால் தேங்கிய உச்ச மட்டத்துக்கும் மேலே. வெளியில் இருந்தால் ஐ.பி. 54க்குக் (தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும் தர அளவு) குறையாத பெட்டி. பிற்பகல் வெயில் நேரே விழும் சுவரைத் தவிருங்கள். உள்ளே சூடேறினால் பெட்டி தானாக ஆம்பியரைக் குறைக்கும், அதன் ஆயுளும் குறையும். கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மேலிருந்து நுழைத்தால் என்னதான் கிளாண்டு (கேபிளைச் சுற்றி இறுக்கும் அடைப்பு) போட்டாலும் ஒரு மழையில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும்.

அடுக்குமாடிகளில் சிக்கல் வேறு மாதிரி. '20 கார் நிறுத்துமிடம், ஒவ்வொன்றுக்கும் 7.4 கிலோவாட், மொத்தம் 148 கிலோவாட், டிரான்ஸ்பார்மர் தாங்காது' என்று சொல்லி விஷயத்தை அங்கேயே மூடிவிடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு 7 யூனிட், 20 காருக்கு 140 யூனிட். இரவு 8 மணி நேரத்தில் பகிர்ந்தால் சராசரி 17.5 கிலோவாட். 20 கார்களும் ஒரே நேரத்தில் 6 ஆம்பியர் எடுத்தாலும் 27.6 கிலோவாட்தான். லோடைப் பங்கிடும் அமைப்போடு 40 கிலோவாட் ஒதுக்கினால் அந்தக் கட்டடத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்குக் கட்டுநர் செய்ய வேண்டியது: மீட்டர் அறையில் காருக்கென ஒரு தனி போர்டுக்கான இடம், அங்கிருந்து எல்லா நிறுத்துமிடங்களுக்கும் மேலாக ஓடும் கேபிள் டிரே, தளத்திலும் சுவரிலும் கேபிள் நுழையத் துளைகள், அந்தத் துளைகளுக்குத் தீத்தடுப்பு அடைப்பு, கார் சுற்றுகள் அனைத்தையும் ஒரே கையில் அணைக்கும் சுவிட்ச் எளிதில் எட்டும் இடத்தில். மாடிப்படி வாசலை ஒட்டிச் சார்ஜ் இடம் ஒதுக்கக் கூடாது.

ஒரு பிழை இங்கே வழக்கமாக நடக்கிறது. சிங்கிள் பேஸ் கார்கள் பெட்டியின் முதல் பேஸிலிருந்துதான் எடுக்கும். எல்லாப் பெட்டிக்கும் மூன்று பேஸ்களையும் ஆர், ஒய், பி என்று ஒரே வரிசையில் இணைத்தால் எல்லாக் கார்களும் ஆர் பேஸிலேயே விழும். ஒன்றுக்கு ஆர் முதலில், அடுத்ததற்கு ஒய் முதலில், அதற்கடுத்ததற்கு பி முதலில் என்று சுழற்றி இணைக்க வேண்டும். நியூட்ரல் ஒயரையும் சிறிதாக்கக் கூடாது.

சட்டம் எதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதிலும் முதலில் பைப், பிறகு பெட்டி என்ற இதே வரிசைதான் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் கொண்டுவந்த திருத்தத்தில், 10க்கு மேற்பட்ட நிறுத்துமிடங்கள் கொண்ட புதிய குடியிருப்புகளில் ஒவ்வோர் இடத்துக்கும் பைப் பாதை வேண்டும் என்றது. 2024ல் அந்த எல்லையை 3க்கு மேற்பட்ட இடங்கள் என்று இறக்கி, பாதி இடங்களுக்காவது ஒயரும் மீதிக்குப் பைப்பும் வேண்டும் என்றது. இங்கிலாந்து 2022 ஜூன் 15 முதல் நிறுத்துமிடம் உள்ள புதிய வீடுகளுக்குச் சார்ஜ் பாயின்ட்டையே விதியாக்கியது. எனக்கு எல்லா இடத்துக்கும் பாதை கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைதான் சரியாகப் படுகிறது. ஓரிடத்துக்குச் சார்ஜர் மாட்டிவிட்டு மற்ற இடங்களை அடைத்துவிடுவதைவிட, எல்லா இடத்துக்கும் பைப் போடுவது அதிகம் பேருக்கு உதவும்.

வீட்டைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டியவை சில. பூச்சுக்கு முன் பைப் போன பாதையை, சுவரில் டேப் பிடித்து எடுத்த படங்கள். ஒயர் இழுத்திருந்தால் 500 வோல்ட் மெகர் என்ற கருவியில் அளந்த காப்புத் தடை (ஒயரின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு), அது குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும், புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். எர்த்தின் மின்தடை அளவு. ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள் விழுகிறதா என்ற சோதனை, அதன் பொத்தானை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது. மெல்லிழை ஒயரானால் முனையில் பெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) அழுத்தியிருக்கிறதா, ஸ்குரூக்களை டார்க் டிரைவரால் (இறுக்கும் விசையை அளந்து திருகும் கருவி) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினார்களா என்று கேளுங்கள். சார்ஜர் மாட்டிய முதல் இரவில், ஒரு மணி நேரம் முழு லோடு ஓடிய பின் எம்.சி.பி. முகப்பிலும் பெட்டியின் வெளிப்புறத்திலும் கை வைத்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடென்றால் உடனே அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனை அழைக்க வேண்டும்.

சார்ஜர் இன்னும் வரவில்லையென்றால், பைப்பின் இரு முனை மூடியிலும், போர்டின் காலி இடத்திலும், 'கார் - 32 மி.மீ. - 10 ஸ்கொயர் வரை' என்று அழியாத மையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அது எதற்கென்று தெரியாத அடுத்த எலெக்ட்ரீசியன் அந்தப் பைப்பில் கேமரா ஒயரையும் தோட்ட விளக்கையும் இழுத்து நிரப்பிவிடுவார்.

இப்படிக்கு,
மின் அமைப்புத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்